பெங்களூரிலிருந்து போன ஒரு கடிதம்

இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு 1857-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பாடத்தில் மங்கள் பாண்டே, கொழுப்பு தடவிய தோட்டா, ஜான்சி ராணி என்று படித்துவிட்டுக் கடந்து வந்திருப்பீர்கள். பெரிய கலவரம் எல்லாம் வடக்கே. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த நம் காரிமங்கலத்துக்கு அதில் பெரிய பங்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் போரின் இன்னொரு களம் பத்திரிகை. அந்தக் களத்தில் சுடப்பட்ட பெரிய குண்டுகளில் ஒன்று நமக்கு வெகு அருகிலிருந்து கிளம்பியது. நாம் வாரக் கடைசியில் போய்விட்டு வருகிற பெங்களூரிலிருந்து.

1857 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' ஒரு பாதிரியாரின் கடிதத்தை வெளியிட்டது. டெல்லியில் கிளர்ச்சிக்காரர்கள் 48 பெண்களைப் பிடித்தார்களாம். அவர்களில் பெரும்பாலோர் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளாம். ஒரு வாரம் வைத்துச் சீரழித்து, பிறகு பட்டப்பகலில் தெருவில் விட்டு, சித்திரவதை செய்து கொன்றார்களாம். குழந்தைகள் படிக்கிற இதழ் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடிதம் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போல விவரித்தது. மற்ற லண்டன் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன.

அப்போது லண்டனில் வசித்துக்கொண்டு நியூயார்க் 'டிரிபியூன்' பத்திரிகைக்கு எழுதிவந்தவர் கார்ல் மார்க்ஸ். செப்டம்பரில் வெளிவந்த கட்டுரையில் அவர் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார். இதை எழுதியவர் எங்கே இருந்தார்? மைசூர் ராஜ்யத்துப் பெங்களூரில். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்திலிருந்து, காக்கை பறக்கும் நேர்கோட்டில் அளந்தாலே, ஆயிரம் மைலுக்கு மேல். டெல்லியைப் பற்றி அந்தப் பாதிரியாருக்குத் தெரிந்ததெல்லாம் காதுவழி வந்ததுதான்.

மார்க்ஸின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அந்தக் கேள்விக்கு அரசியல் தேவையில்லை. 'டைம்ஸ்' அலுவலகத்தில் யாராவது ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

டெல்லியில் உண்மையில் என்ன நடந்தது? மே 10-ல் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, மறுநாள் டெல்லிக்குள் நுழைந்தார்கள். அன்றே பல ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட சுமார் 50 பேர் அரண்மனையில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மே 16-ஆம் தேதி அவர்களை அரண்மனை முற்றத்தில் வாளால் வெட்டிக் கொன்றார்கள். எந்த நியாயத்தாலும் கழுவ முடியாத கொலை அது. பாதிரியார் கடிதத்தில் இருந்த '48', 'ஒரு வாரம்' இரண்டும் இந்த உண்மையிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஐம்பது பேர், ஐந்தாறு நாள். மீதியெல்லாம் டெல்லியிலிருந்து பெங்களூர் வரும் வழியில், வாய்க்கு வாய் ஒட்டிக்கொண்டவை.

செய்தி எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்குள் மின்தந்தி வந்துவிட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் இங்கிலாந்துக்கு நேரடிக் கம்பி கிடையாது. கப்பலில் சூயஸ் வரை போய், தரைவழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், பிறகு ஐரோப்பியத் தந்தியைப் பிடிக்க வேண்டும். மே 10-ல் மீரட்டில் நடந்தது ஜூன் கடைசியில்தான் லண்டனுக்குத் தெரிந்தது. அரசாங்கத் தகவல்கள் இரண்டு வரி, மூன்று வரியாக வந்தன. இடையில் இருந்த பெரிய வெற்றிடத்தைத் தனிப்பட்ட கடிதங்கள் நிரப்பின. இந்தியாவில் இருக்கும் அண்ணன் தங்கைக்கு எழுதுவார், தங்கையின் கணவர் அதைப் பத்திரிகைக்குக் கொடுப்பார், பத்திரிகை பெயர் போடாமல் அச்சிடும். லண்டனில் அச்சானது மறுபடி கப்பலேறி இங்கே வரும். இங்கே இருந்த ஆங்கிலேயர்கள் அதை லண்டன் பத்திரிகையிலேயே வந்துவிட்டது என்று காட்டுவார்கள். நம் கைப்பேசியில் 'பலமுறை பகிரப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறியோடு வருமே, அதற்குக் கப்பல் காலத்து வடிவம்.

இதைவிடப் பெரிய இடத்திலிருந்தும் கதை வந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு சாதாரண ஆள் அல்ல. தொழிற்சாலைக் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டவர், நாடே மதித்த நல்லவர். அவர் ஒரு பொதுக்கூட்டத்தில் சொன்னார்: காதும் மூக்கும் அறுக்கப்பட்ட, கண் பிடுங்கப்பட்ட வெள்ளைக்காரப் பெண்கள் நாள்தோறும் கல்கத்தாவுக்கு வந்து சேருகிறார்கள், கவர்னர் ஜெனரலின் மனைவி கேனிங் சீமாட்டியே எழுதிய கடிதத்தை நான் பார்த்தேன் என்று. பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. பிறகு துருவிக் கேட்டபோது, கடிதத்தைத் தாம் பார்க்கவில்லை, அப்படி ஒரு கடிதம் இருப்பதாகக் கேள்விப்பட்டதுதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படிச் சிதைக்கப்பட்ட பெண் ஒருவராவது இங்கிலாந்துக்குத் திரும்பியிருக்கிறாரா என்று, உதவி செய்யவே தேடினார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை.

நல்லவர்கள் சொல்லும் பொய்தான் வேகமாகப் பரவுகிறது என்பது என் அபிப்பிராயம். கெட்டவன் சொன்னால் நாம் ஒரு நிமிடமாவது யோசிக்கிறோம்.

அந்த ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதியை இங்கிலாந்தில் தேசிய உண்ணாநோன்பு நாளாக அறிவித்தார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியாரின் உரையைக் கேட்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில். நிவாரண நிதிக்கு ஆலயந்தோறும் உண்டியல். 'பஞ்ச்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை ஆகஸ்டிலேயே ஒரு கார்ட்டூன் போட்டிருந்தது. கீழே ஒரு பெண்ணும் குழந்தையும் கிடக்க, அவர்கள்மேல் நிற்கும் வங்கப் புலியின் மீது பிரிட்டிஷ் சிங்கம் பாய்கிறது. ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்து நாவல் எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ், தான் மட்டும் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே பூண்டோடு ஒழிப்பேன் என்ற பொருளில் தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். இவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. காலையில் பத்திரிகை படித்தவர்கள்.

கான்பூரைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதினால் நானும் ஒரு பக்கத்தை மறைத்தவன் ஆவேன். 1857 ஜூன் 27-ல், பாதுகாப்பாகப் போகலாம் என்ற வாக்குறுதியை நம்பிச் சத்திசௌரா படித்துறையில் படகேறிய ஆங்கிலேயர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தப்பிய பெண்களும் குழந்தைகளும் பீபிகர் என்ற வீட்டில் அடைக்கப்பட்டார்கள். ஜூலை 15-ல், ஆங்கிலப் படை நெருங்கும்போது, அவர்களில் சுமார் 200 பேரைக் கொன்றார்கள். சிப்பாய்களே சுடத் தயங்கிப் பின்வாங்க, ஐந்து பேர் வாளும் கத்தியுமாக உள்ளே போனார்கள். மறுநாள் உடல்களைக் கிணற்றில் போட்டார்கள். நானா சாகிப் தரப்பின் மீது இந்தக் கறை இருக்கிறது. சுதந்திரப் போர் என்று பெயர் வைத்துவிட்டதால் அது மறையாது.

ஆனால் பாருங்கள், இவ்வளவு பயங்கரமான உண்மைகூடப் போதவில்லை. பீபிகர் சுவரில், எங்களுக்காகப் பழிவாங்குங்கள் என்று இறக்கும் முன் பெண்கள் எழுதிவைத்ததாக வாசகங்கள் தோன்றின. ஜெனரல் ஹாவ்லாக்கின் படை முதலில் உள்ளே நுழைந்தபோது அப்படி எந்த எழுத்தும் இல்லை. பிறகு பார்க்க வந்த சிப்பாய்கள் எழுதியவை அவை. தளபதி வீலரின் மகள் தன் மானத்தைக் காக்கப் பகைவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டு உயிர்விட்டாள் என்று ஒரு கதை கிளம்பியது. அவள் துப்பாக்கியோடு நிற்கும் படம் அச்சாகி வீடுகளுக்குள் போனது. அவள் சாகவேயில்லை, தன்னைக் காப்பாற்றிய ஒருவரோடு வேறு பெயரில் வாழ்ந்தாள் என்ற செய்தி பிற்காலத்தில் வந்தபோது, படத்தை யாரும் திரும்பப் பெறவில்லை.

இதெல்லாம் வெறும் பத்திரிகைச் சமாசாரமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கதைகளுக்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது.

கர்னல் ஜேம்ஸ் நீல் என்பவர் சென்னை ஐரோப்பியத் துப்பாக்கிப் படையின் தலைவர். கலவரச் செய்தி வந்ததும் சென்னையிலிருந்து கப்பலேறி கல்கத்தா போய், ஜூன் தொடக்கத்தில் காசிக்கும், ஜூன் 11-ல் அலகாபாத்துக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்தது விசாரணை என்று சொல்லத் தகுதியற்றது. கிராமங்கள் கொளுத்தப்பட்டன. கிளர்ச்சியோடு சம்பந்தம் உண்டா இல்லையா என்று பார்க்காமல் ஆட்களைத் தூக்கில் போட்டார்கள். மரங்களே தூக்குமரங்கள். அதே படையைச் சேர்ந்த மேஜர் ரெனோ, ஜூன் கடைசியில் ஒரு பிரிவோடு கான்பூர் நோக்கிப் புறப்பட்டார். அந்தப் படையோடு போன அதிகாரி ஒருவர் பின்னால் சொன்னது: இரண்டு நாளில் 42 பேரைச் சாலையோரம் தூக்கிலிட்டார்கள். அதில் 12 பேர் செய்த குற்றம், படை வரும்போது அவர்கள் முகம் வேறு திசையில் திரும்பியிருந்தது.

தேதிகளை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். காசி, அலகாபாத் கொலைகள் ஜூன் மாதம். பீபிகர் ஜூலை 15. ஆங்கிலப் பத்திரிகைகளும், அவற்றை நம்பி எழுதப்பட்ட பல புத்தகங்களும், நீலின் கொடுமையைக் கான்பூருக்கான பழிவாங்கல் என்றே சொல்லிவந்தன. காலண்டர் அப்படிச் சொல்லவில்லை. கான்பூருக்குப் பிறகு நீல் செய்தது வேறு: பிடிபட்டவர்களைப் பீபிகரின் ரத்தக் கறையைச் சுத்தம் செய்யவைத்து, மறுத்தால் சவுக்கடி, பிறகு தூக்கு. அதைத் தம் கடிதங்களில் அவரே பெருமையாக எழுதினார்.

ஒரு கட்டத்தில் சிலர் நிதானமாக விசாரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் நம்மவர்கள் அல்ல, ஆங்கிலேயர்களே. கவர்னர் ஜெனரல் கேனிங், கண்மூடித்தனமான தண்டனை கூடாது என்று ஜூலை 31-ல் ஓர் உத்தரவு போட்டார். அதற்காக அவருக்குக் 'கருணை கேனிங்' என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். கல்கத்தா வெள்ளைக்காரர்கள் அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லி ராணிக்கு மனுப் போட்டார்கள். அவர் அசரவில்லை. ஐரோப்பியப் பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுவது உண்மையா என்று விசாரிக்க ஏற்பாடு செய்தார். ஆக்ராவில் உளவுப் பிரிவைக் கவனித்த வில்லியம் மியூர் பல இடத்து அதிகாரிகளிடம் கேட்டுத் தொகுத்தார். கொலைகள் உண்மை. மற்றதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அவர் முடிவு. 1859-ல் எட்வர்ட் லெக்கி என்பவர், இந்தக் கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரித்துப் பம்பாயில் ஒரு புத்தகமே போட்டார்.

'டைம்ஸ்' ஆசிரியர் டிலேன் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். கிரிமியப் போரை நேரில் பார்த்து எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் ரஸ்ஸலை இந்தியாவுக்கு அனுப்பினார். 1858 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கிய ரஸ்ஸல், கொடுமைக் கதைகளுக்கு நேரில் பார்த்த சாட்சியைத் தேடினார். எங்கே போனாலும், அது பக்கத்து ஊரில் நடந்தது என்ற பதில்தான். நீங்களும் கேட்டிருப்பீர்கள் இந்தப் பதிலை. ரெனோவின் அந்த 42 பேர் கணக்கு நமக்குத் தெரிவது ரஸ்ஸலின் நாட்குறிப்பால்தான். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் தூக்குமரங்கள் தம் வேலையை முடித்திருந்தன.

நம் பக்கமும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். மாவில் எலும்புத் தூளைக் கலந்து எல்லோரையும் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற வதந்தி வட இந்தியா முழுக்க ஓடியது, கலகத்துக்கு அதுவும் எண்ணெய் ஊற்றியது. 'டெல்லி உருது அக்பார்' கிளர்ச்சிக்காரர்களின் பக்கம் நின்று எழுதியது. அதன் ஆசிரியர் மௌல்வி முகமது பாகரை, டெல்லி வீழ்ந்ததும் ஆங்கிலேயர்கள் கொன்றுவிட்டார்கள். ஜூன் 13-ல் வந்த பத்திரிகைச் சட்டம், அரசு உரிமம் இல்லாமல் யாரும் அச்சகம் வைக்கக் கூடாது என்றது. ஆங்கிலப் பத்திரிகைகளும் அதற்கு உட்பட்டவைதான், 'பிரண்ட் ஆஃப் இந்தியா'வுக்கு எச்சரிக்கைகூட வந்தது. எச்சரிக்கைக்கும் மரணத்துக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். பெலிசே பியாட்டோ 1858-ல் லக்னோ சிக்கந்தர் பாக்கில் எடுத்த படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இடிந்த மாளிகை, முற்றமெங்கும் எலும்புகள். அங்கே சண்டை நடந்தது 1857 நவம்பரில், அவர் லக்னோவுக்கு வந்ததோ அடுத்த ஆண்டு மார்ச்சில். படத்துக்காக எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பரப்பினார்கள் என்பதே வரலாற்றாளர் பலரின் கருத்து. இறந்தவர்கள் உண்மை. காட்சி ஜோடனை.

பொய் கலந்த கொடுமைச் செய்தி இன்னொரு விதத்திலும் கெடுக்கிறது. 1914-ல் ஜெர்மன் படை பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்சிலும் சுமார் 6,500 பொதுமக்களைக் கொன்றது. இது உறுதியான வரலாறு. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதோடு நிற்காமல், குழந்தைகளின் கைகளை வெட்டினார்கள் என்று கதை சேர்த்தன. போர் முடிந்து அந்தக் கதை பொய் என்று தெரிந்ததும், மக்கள் எல்லாவற்றையுமே நம்ப மறுத்தார்கள். 1942-ல் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி வந்தபோது, போன போரில் சொன்ன மாதிரிக் கதைதான் என்று ஒதுக்கியவர்கள் பலர். 1857-இலும் அப்படித்தான். ஆங்கிலேயர் எழுதியதில் பாதி பொய் என்று தெரிந்தபின், பீபிகரும் பொய்யாக இருக்கும் என்று பேசுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நாம் கேலி செய்யும் நிலையிலும் இல்லை. 2018 மே மாதம், நம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் மறித்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்தது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர், தம் பிள்ளைகள் மேல் உள்ள பயத்தில் அனுப்பியவர்களாகத்தான் இருப்பார்கள்.

நீல் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1857 செப்டம்பர் 25-ல் லக்னோவில் குண்டுபட்டு இறந்தார். பத்திரிகைகள் அவரை மாவீரனாக்கின. சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்கு உயரமாக ஒரு சிலை எழுந்தது. சாலையில் போன தமிழர்கள் அறுபது வருடத்துக்கு மேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். 1927-ல்தான் அதை அகற்றச் சத்தியாகிரகம் தொடங்கியது. சுத்தியலும் கோடரியுமாகத் தொண்டர்கள் வந்து கைதானார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார், இளைஞராக இருந்த காமராஜர் ஈடுபட்டார். அந்தச் செப்டம்பரில் சென்னை வந்த காந்தியடிகள், அகிம்சை வழி தவறாமல் நடத்துங்கள் என்று அறிவுரை சொன்னார். சிலை அப்போது அசையவில்லை. பத்து வருடம் கழித்து, 1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது அகற்றப்பட்டது. ராஜாஜி, தெரியுமல்லவா, நம் பக்கத்து ஓசூர் தொரப்பள்ளிக்காரர். அன்றைய கணக்கில் அவரும் நாமும் ஒரே சேலம் மாவட்டம்.

சிலையை உடைக்கவில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று வார விடுமுறை.